அடித்த மருந்து எங்கே போகிறது? ஆய்வகமா, வயல் கணக்கா, நோட்டா, ரத்தப் பரிசோதனையா

காட்டுமன்னார்கோயில் பக்கத்து ஏரிப் பாசனச் சங்கம் ஒன்றிலிருந்து வந்த கேள்வி: "சங்கக் கணக்குல கொஞ்சம் பணம் இருக்கு. சம்பாவுக்கு நாங்க அடிக்கிற மருந்து வாய்க்காலையும் ஏரியையும் என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சுக்கணும். தண்ணிய லேபுக்கு அனுப்பிடலாமா, இல்ல வேற வழி இருக்கா?" பண்ணுருட்டியில் முந்திரி வைத்திருப்பவர்களும் பாகூரில் காய்கறி போடுபவர்களும் இதையே வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள்.

கேட்கிற எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஆய்வகம்தான். பாட்டிலில் தண்ணீர் பிடித்து அனுப்பினால் முத்திரை வைத்த அறிக்கை வரும், பிரச்சினை முடிந்தது என்ற நினைப்பு. என் கணிப்பு வேறு. பெரும்பாலான குழுக்களுக்கு ஆய்வகம் கடைசிப் படி. அதை முதல் படியாக வைத்தால் பணமும் போகும், "ஒன்றுமில்லை" என்ற பொய்யான நிம்மதியும் வந்து சேரும்.

## எதை வைத்து எடை போடுவது

வழிகளைப் பார்க்கும் முன் சங்கக் கூட்டத்தில் ஐந்து கேள்விகளைப் பேசிவிடுங்கள்.

- நமக்குத் தெரிய வேண்டியது எது: தண்ணீரா, வயலில் இருக்கும் நன்மை செய்யும் பூச்சிகளா, மீனா, மருந்தடிக்கும் ஆளா?
- பதில் இந்தப் பருவத்திலேயே வேண்டுமா, அடுத்த வருடத்துக்கு உதவினால் போதுமா?
- முடிவை யாரிடம் காட்டப் போகிறோம்? நமக்குள்ளேயா, அதிகாரியிடமா, ஏற்றுமதி வியாபாரியிடமா?
- காசு எவ்வளவு, ஆள் நேரம் எவ்வளவு? இரண்டாவதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.
- இந்த வழி எதைப் பார்க்கத் தவறும்?

இவற்றோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: முடிவு மோசமாக வந்தால் எதை மாற்றுவோம்? மருந்தையா, அடிக்கும் நேரத்தையா, வயலில் தண்ணீர் கட்டி வைக்கும் நாளையா? மாற்ற ஒன்றும் இல்லை என்றால் கண்காணிப்பே வேண்டாம். அந்தப் பணத்தில் மதகைச் சரி செய்யலாம்.

## வழி 1: ஆய்வகத்தில் எச்சம் பார்ப்பது

வெளியே எடுபடுவது இதுதான். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் பூச்சிக்கொல்லி எச்சத்துக்கென்றே ஆய்வகம் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகங்களும் உண்டு. ஒரு மாதிரிக்கு ஆயிரக்கணக்கில் ஆகும். ஆனால் ரசீதில் வராத செலவுகளில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதல் சிக்கல், எந்தப் பட்டியலுக்குச் சோதிக்கிறார்கள் என்பது. "குடிநீர்த் தரப்படி பூச்சிக்கொல்லி பாருங்கள்" என்று சொன்னால் ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தரத்தில் உள்ள 18 பெயர்களைப் பார்ப்பார்கள். டி.டி.டி., ஆல்ட்ரின், எண்டோசல்ஃபான், லிண்டேன், போரேட், மானோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் என்று போகும் பட்டியல் அது. இன்று சம்பாவில் இலைச்சுருட்டுப்புழுவுக்கு அடிக்கும் குளோரன்ட்ரனிலிப்ரோல் அதில் கிடையாது. ஃபிப்ரோனில், தயாமீத்தாக்ஸம், குலைநோய்க்கு அடிக்கும் டிரைசைக்ளசோல் எதுவும் கிடையாது. ஊரே அடிக்கும் மருந்தை விட்டுவிட்டு, தடை செய்யப்பட்ட பழைய மருந்துகள் பல உள்ள அந்தப் பட்டியலை மட்டும் தேடி "கண்டறியப்படவில்லை" என்று அறிக்கை வரும். நூற்றுக்கும் மேற்பட்ட மருந்துகளை ஒரே ஓட்டத்தில் பார்க்கும் சோதனை இருக்கிறது, அதைத்தான் கேட்க வேண்டும். அதிலும் கிளைஃபோசேட், மான்கோசெப் போன்றவை பிடிபடாது. அவற்றுக்குத் தனிச் சோதனை, தனிக் கட்டணம். ஃபிப்ரோனில் சிதைந்து வரும் பொருள்கள் தாய் மருந்தைவிட நீடித்து நிற்பவை. அவற்றையும் பார்ப்பார்களா என்று கேளுங்கள்.

இரண்டாவது சிக்கல் வரம்பு. குளோர்பைரிபாஸுக்கு நம் குடிநீர்த் தர வரம்பு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். நன்னீரில் வாழும் உயிர்களுக்குக் குறுகிய காலத்துக்கென்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வைத்த அளவு 0.083. ஆக, குடிக்கத் தகுதி என்று அறிக்கை வந்த அதே தண்ணீரில் இறாலும் நீர்ப்பூச்சிகளும் செத்துக்கிடக்கலாம். ஏரியின் உயிர்களைப் பற்றிக் கவலைப்படுபவர் குடிநீர் வரம்பைப் பார்த்து நிம்மதி அடையக்கூடாது. தங்கள் கருவி எந்த அளவுக்குக் கீழே பார்க்காது என்பதையும் ஆய்வகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "கண்டறியப்படவில்லை" என்றால் அந்த அளவுக்குக் கீழே என்றுதான் அர்த்தம், பூஜ்யம் என்று அல்ல.

மூன்றாவது, நேரம். மருந்து வயலை விட்டு வெளியேறுவது பெரும்பாலும் அடித்த பிறகு வரும் முதல் நல்ல மழையில், சில மணி நேரத்துக்குள். ஐப்பசி மழை கொட்டி வடிகால் நிரம்பி ஓடும் அந்த நேரத்தில் பாட்டிலும் ஆளும் அங்கே இருக்க வேண்டும். பத்து நாள் கழித்து வெயிலில் போய்த் தண்ணீர் பிடித்தால் வாய்க்காலில் புதிதாக வரும் கொள்ளிடத் தண்ணீரின் சுத்தத்தைத்தான் சோதித்ததாக ஆகும். பைரித்ராய்டு வகை மருந்துகள் தண்ணீரில் நிற்பதும் இல்லை, சேற்றோடு ஒட்டிக்கொள்ளும். அவற்றைத் தேடுகிறவர் வாய்க்காலின் அடிச்சேற்றை எடுத்தனுப்ப வேண்டும். பழுப்புக் கண்ணாடி பாட்டில், ஐஸ் பெட்டி, அன்றே அனுப்பும் ஏற்பாடு எல்லாம் சேர்ந்தால் போக்குவரத்து சோதனைக் கட்டணத்தை நெருங்கிவிடும்.

இந்த வழி சரியாக இருக்கும் இடங்கள்: வழக்கு, புகார், குடிநீர்க் கிணறு, வெளிநாட்டு வியாபாரம். டிரைசைக்ளசோலுக்கு ஐரோப்பிய ஒன்றியம் அரிசியில் வைத்திருந்த வரம்பைக் கிலோவுக்கு 1 மில்லிகிராமிலிருந்து 0.01-க்கு இறக்கியபோது இந்தியாவிலிருந்து போன பாசுமதிக்கு வந்த தலைவலி வியாபாரிகளுக்கு நினைவிருக்கும். அங்கே, அடுத்து வரும் வயல் பூச்சிக் கணக்கு யாரிடமும் செல்லாது.

கடலூருக்கென்று இன்னொரு பயனும் உண்டு. சிப்காட் ரசாயன ஆலைகள் உள்ள ஊர் இது. உப்பனாற்றை ஒட்டிய கிராமத்தில், உழவர் யாருமே வாங்காத ஒரு மருந்து தண்ணீரில் அகப்பட்டால் மூலம் வேறு எங்கோ இருக்கிறது என்று கேள்வி எழுப்பலாம். ஆனால் அதற்கு, யாருமே வாங்கவில்லை என்பதைக் காட்ட, யார் எந்த மருந்து அடித்தார் என்று எழுதிய நோட்டு வேண்டும்.

## வழி 2: வயலில் இறங்கி எண்ணுவது

நெல் வயலில் இதற்கு ஈடு இல்லை. நெல்லின் அடித்தூரில் சாறு உறிஞ்சும் பூச்சியான புகையானுக்கு மருந்தடிக்கலாமா என்று முடிவு செய்ய வேளாண் பல்கலைக்கழகம் தரும் பொருளாதாரச் சேத நிலையிலேயே சிலந்திக் கணக்கு இருக்கிறது. சிலந்தி இல்லாவிட்டால் தூருக்கு (ஒரு தண்டுக்கு) 1 புகையான் வந்ததும் நடவடிக்கை. குத்துக்கு (ஒரே இடத்தில் நட்ட தூர்களின் கொத்துக்கு) 1 சிலந்தி இருந்தால் தூருக்கு 2 வரை பொறுக்கலாம். சிலந்தி எவ்வளவு என்று தெரியாமல் மருந்தடிப்பவர் பாதிக் கணக்கோடு அடிக்கிறார்.

செய்முறை எளிது. காலை வெயில் ஏறுமுன் வயலில் ஐந்து இடம், இடத்துக்கு நாலு குத்து. குத்தை இரண்டு கையாலும் பிளந்து தண்ணீர் மட்டத்துக்கு மேலே அடித்தூரைப் பாருங்கள். ஓநாய்ச் சிலந்தி அங்கேதான் ஓடும். பெண் சிலந்தி முட்டைப் பையைப் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு திரிவது கண்ணாடி போடாதவருக்கும் தெரியும். பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சி, ஊசித்தட்டான், பொறிவண்டு, தரைவண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. பக்கத்தில் புகையான், தத்துப்பூச்சி. அடிப்பதற்கு முந்தைய நாள் ஒன்று, அடித்த மூன்றாம் நாள், ஏழாம் நாள். கெடுதல் செய்பவை இரண்டுக்கு நன்மை செய்பவை ஒன்று என்ற விகிதம் இருக்கும்வரை பொறுத்துப் பார்க்கலாம் என்பது ஒருங்கிணைந்த பயிர்ப் பாதுகாப்புப் பயிற்சிகளில் சொல்லித்தரும் பொது விதி.

எதற்கு இவ்வளவு? மருந்து சிலந்தியையும் மிரிட் பூச்சியையும் கொன்றுவிட்டால் மிஞ்சிய புகையான் தட்டிக்கேட்க ஆளில்லாமல் பெருகும். இந்தோனேசியாவில் இது முற்றிப்போய், 1986-இல் நெல்லில் 57 பூச்சிக்கொல்லிகளை அரசே நிறுத்தியது. நம் வயலில் அது நடக்கிறதா என்பதை எந்த ஆய்வக அறிக்கையும் சொல்லாது. ஏழாம் நாள் கணக்கு சொல்லிவிடும்.

மறைவான செலவு ஆள்தான். எண்ணுபவர் மாறினால் கணக்கும் மாறும். ஒருவர் நாற்பது சிலந்தி பார்த்த வயலில் இன்னொருவர் பதினைந்து பார்ப்பார். பருவம் முழுக்க ஒரே ஆள் எண்ண வேண்டும், அவருக்குக் கூலி கொடுக்க வேண்டும். மருந்தடிக்காத ஒரு துண்டு வயலும் வேண்டும். இல்லாவிட்டால் மழையில் அடித்துப்போன சிலந்தியை மருந்தின் தலையில் கட்டிவிடுவோம். கார்த்திகை வெள்ளம் எதை எதையெல்லாம் புரட்டிப்போடும் என்று கீழணைப் பாசனக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தத் துண்டை யார் விட்டுக்கொடுப்பது என்பதில்தான் கூட்டமே முட்டி நிற்கும். விளைச்சல் குறைந்தால் சங்கம் ஈடு தரும் என்று முதலிலேயே எழுதிக்கொடுங்கள்.

களைக்கொல்லி, பூஞ்சணக்கொல்லி பாதிப்பு இந்தக் கணக்கில் பெரிதாகத் தெரியாது. நிலத்தடி நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாது.

முந்திரிக்கு வேறு மாதிரி எண்ண வேண்டும். பூ எடுக்கும் தை, மாசியில் பூங்கொத்துக்கு வரும் தேனீயையும் ஈயையும் காலையில் பத்து நிமிடம் பாருங்கள். முந்திரியில் மகரந்தச் சேர்க்கைக்குப் பூச்சிகள்தான் துணை. அப்புறம் மரத்து இலையைத் தைத்து முசுறு எறும்பு கட்டிய கூடுகளை எண்ணுங்கள். முந்திரியில் சாறு உறிஞ்சும் தேயிலைக் கொசு என்ற பூச்சியை முசுறு தின்னும். கூடு குறைந்துகொண்டே போனால் மருந்துச் செலவு கூடிக்கொண்டே போகும்.

## வழி 3: மருந்து நோட்டும் மதிப்பெண்ணும்

என்ன மருந்து, எத்தனை சதவீதம், ஏக்கருக்கு எவ்வளவு, எந்தத் தேதி, எந்த வயல், காற்று எந்தப் பக்கம், அடுத்த மழை எப்போது. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். சோம்பல் தட்டும் வேலை, செலவு ஏறக்குறைய இல்லை. எந்த வழியைத் தேர்ந்தாலும் இது அடியில் இருந்தாக வேண்டும்.

கஷ்டம் எங்கே என்றால், யாருக்கும் மருந்தின் பெயர் நினைவில் இருக்காது. கடைக்காரர் கொடுத்ததை "டேங்குக்கு ரெண்டு மூடி" என்று ஊற்றியிருப்பார்கள். மூடிக்கு எத்தனை மில்லி, டேங்க் பத்து லிட்டரா பதினாறா? ஆகவே காலிப் பாட்டிலையும் உறையையும் வயலுக்கொரு கோணியில் போட்டு வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் லேபிளைப் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இன்னொன்று: கடலூர், புதுவை இரண்டிலும் சிலர் காணிக் கணக்கில் சொல்வார்கள், சிலர் ஏக்கரில் சொல்வார்கள். காணி என்பது 1.32 ஏக்கர். எந்தக் கணக்கு என்று எழுதாத நோட்டு பருவம் முடிந்ததும் குப்பைதான்.

லேபிளில் உள்ள முக்கோண நிறத்தை நம்பி "பச்சைதான் அடிச்சேன்" என்று எழுதுவது போதாது. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை எல்லாம் மனிதருக்கு உடனடியாக எவ்வளவு நஞ்சு என்பதை ஒட்டி வைத்தவை. குளோரன்ட்ரனிலிப்ரோல் பச்சை, ஆனால் குளத்தில் வாழும் நீர்த்தெள்ளு என்ற சின்ன உயிருக்கு லிட்டரில் பத்துப் பன்னிரண்டு மைக்ரோகிராமே ஆபத்து. அடிக்கும் ஆளுக்கு நல்லது வாய்க்காலுக்கும் நல்லதாக இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை.

நோட்டு நிரம்பினால் மதிப்பெண் போடலாம். சுற்றுச்சூழல் பாதிப்பு ஈவு என்று 1992-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய கணக்கு ஒன்று இருக்கிறது. வேலையாள், நுகர்வோர், சூழல் மூன்றுக்கும் ஏற்படும் ஆபத்தைச் சேர்த்து ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு எண். அதை மருந்தின் சதவீதத்தாலும் அடித்த அளவாலும் பெருக்கினால் உங்கள் வயலின் எண் வரும். போன வருடத்தையும் இந்த வருடத்தையும், இரண்டு தெருவையும் ஒப்பிட இது போதும். ஆனால் காகிதத்தில் வரும் எண் அது. மீனையோ தேனீயையோ யாரும் போய்ப் பார்க்கவில்லை. அந்த எண்களைப் பெருக்கிக் கூட்டும் முறையையே குறை சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. அதிகாரியிடம் ஆதாரமாக நீட்டினால் எடுபடாது.

## வழி 4: அடிப்பவரின் ரத்தம்

சூழல் என்றதும் ஏரியும் பறவையும் நினைவுக்கு வருகின்றன. முதுகில் டேங்கைச் சுமந்து முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு போகிறவர் நினைவுக்கு வருவதில்லை. ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகை மருந்துகள் ரத்தத்தில் உள்ள கோலின்எஸ்டரேஸ் என்ற நொதியை முடக்கும். பருவத்துக்கு முன் ஒரு முறை, நடுவில் ஒரு முறை அளந்தால் வித்தியாசம் தெரியும். கலிபோர்னியாவில் முதல் அளவிலிருந்து 20 சதவீதம் குறைந்தாலே வேலை முறையைச் சரிபார்க்கச் சொல்கிறார்கள். சிவப்பணு அளவு 70 சதவீதத்துக்கு இறங்கினால் அந்த ஆளை மருந்து வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

முன் அளவு இல்லாமல் நடுவில் மட்டும் பார்ப்பது வீண், ஆளுக்கு ஆள் இயல்பான அளவே மாறும். கல்லீரல் கோளாறு இருந்தாலும் பிளாஸ்மா அளவு குறையும். நியோநிகோட்டினாய்டு, டயமைடு, பைரித்ராய்டு வகைகளை மட்டும் அடிப்பவரிடம் இந்தச் சோதனை எதையும் காட்டாது. கூலிக்கு மருந்தடித்துப் பிழைப்பவர்கள் இருக்கும் ஊரில் இதைச் செய்யுங்கள். ஆனால் முடிவு அவருடைய சொந்த விஷயம், சங்க நோட்டில் பெயரோடு எழுதாதீர்கள். அளவு இறங்கியவரை வீட்டுக்கு அனுப்பினால் அந்த நாட்களின் கூலியை யார் கொடுப்பது என்பதையும் முதலிலேயே பேசிவிட வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | பதில் வர | கண்ணுக்குத் தெரியாத செலவு | தவறவிடுவது | வெளியே எடுபடுமா |
|---|---|---|---|---|
| ஆய்வகம் | வாரங்கள் | ஐஸ் பெட்டி, போக்குவரத்து, தனிச் சோதனைகள் | மழை நேரத்தைத் தவறவிட்டால் எல்லாமே | எடுபடும் |
| வயல் எண்ணிக்கை | ஒரு வாரம் | ஒரே ஆளின் கூலி, மருந்தடிக்காத துண்டு | களைக்கொல்லி, நிலத்தடி நீர் | வேளாண் அலுவலரிடம் ஓரளவு |
| நோட்டும் மதிப்பெண்ணும் | பருவ முடிவில் | துரத்தித் துரத்தி வாங்கும் வேலை | உண்மையில் நடந்த பாதிப்பு | எடுபடாது |
| ரத்தப் பரிசோதனை | சில நாள் | பருவத்துக்கு முந்தைய சோதனை, இழந்த கூலி | இரண்டு வகை தவிர மற்ற மருந்துகள் | மருத்துவரிடம் மட்டும் |

டிரோன் வைத்து அடிக்கும் ஊர்களுக்கு மட்டும் ஐந்தாவதாக ஒன்று: தண்ணீர்த் துளி பட்டால் நீலமாக மாறும் மஞ்சள் தாள். பக்கத்து வெற்றிலைக் கொடிக்காலின் ஓரத்தில் குச்சியில் சொருகி வைத்தால், சாரல் அங்கே போனதா இல்லையா என்ற சண்டை அன்றைக்கே தீரும்.

## யாருக்கு எது

வீராணம் ஆயக்கட்டில் நெல் போடும் சங்கத்துக்கு என் யோசனை: நோட்டும் வயல் எண்ணிக்கையும் முதல் பருவம். எந்த மூன்று மருந்து அதிகம் போகிறது என்று நோட்டிலிருந்து தெரிந்த பிறகு, இரண்டாம் பருவத்தில் அந்த மூன்றுக்கும் மட்டும், முதல் மழையில், வடிகால் ஏரியைத் தொடும் இடத்தில் தண்ணீரும் சேறும். சென்னைக்குக் குடிநீர் போகும் ஏரி அது. முழு ஏரியையும் கண்காணிக்கும் சுமையைச் சங்கம் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம். உங்கள் வடிகால் வரைக்கும் போதும்.

பண்ணுருட்டி, விருத்தாசலம் முந்திரிக்காரர்கள் தேனீயும் முசுறும் எண்ணட்டும், ஆய்வகத்தை மறந்துவிடலாம். குடிநீர்க் கிணறு தோப்புக்குள்ளேயே இருந்தால் மட்டும் விதிவிலக்கு. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் தேயிலைக் கொசுவுக்காக வானிலிருந்து எண்டோசல்ஃபான் தெளித்தது 2000 வரை நடந்தது. 2011-இல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்தையே தடை செய்தது. இன்று இங்கே டிரோன் ஏறும்போது நீலமாக மாறும் அந்தத் தாளை மரத்தடிக் கிணற்றோரமும் வைத்துப் பாருங்கள்.

பாகூர், நெட்டப்பாக்கம் பக்கம் கத்தரி, வெண்டை போடுபவர்களுக்கு நோட்டும் ரத்தப் பரிசோதனையும். காய்கறியில் மருந்து அடிக்கடி அடிக்கிறார்கள், அடித்த செடியிலேயே கை வைத்துப் பறிக்கிறார்கள், அங்கே ஆபத்து ஆளுக்குத்தான் முதலில். மருத்துவமனைக்குத் தூரம் இல்லாதது புதுச்சேரிக்காரர்களுக்கு வசதி.

ஏரியில் மீன் குத்தகை எடுத்தவருக்கு இந்த நாலும் தாமதம். மீன் செத்து மிதந்த காலையில் அவர் பார்க்க வேண்டியது வேறு. விடியற்காலையில், பெரிய மீன்கள் முதலில், மேலே வந்து வாயைப் பிளந்து செத்திருந்தால் பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு. சின்னது பெரியது பார்க்காமல் சாக, கூடவே நண்டு, தலைப்பிரட்டை, நீர்ப்பூச்சி எல்லாம் செத்துக் கரை ஒதுங்கினால் நஞ்சைச் சந்தேகிக்கலாம். அப்போது முதல் ஒரு மணி நேரத்துக்குள் தண்ணீர், சேறு, சாகும் நிலையில் உள்ள மீன் மூன்றையும் தனித்தனியே ஐஸில் வைத்துவிட வேண்டும், அழுகின மீன் எதற்கும் உதவாது. வாய்க்கால் மேட்டில் முந்தின இரண்டு நாளில் யார் எதை அடித்தார்கள் என்று கேட்க மேல்மடைக்காரர்களிடம் நோட்டு இருந்தால் ஆய்வகம் எதைத் தேடுவது என்று தெரியும்.

சம்பா நாற்றங்கால் விடும் ஆவணியிலேயே நோட்டைத் தொடங்குங்கள், நாற்றங்காலில் அடிப்பதும் கணக்குதான். ரத்தம் எடுப்பதானால் அதற்கும் முன். மழை மாதிரிக்கான பாட்டில்களைப் புரட்டாசி முடிவதற்குள் ஆய்வகத்திலிருந்தே வாங்கி வைத்துவிடுங்கள். சனி, ஞாயிறு, தீபாவளி விடுமுறையில் மாதிரி வாங்குவார்களா, யாரிடம் கொடுப்பது என்பதையும் அப்போதே கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.